ரீஸ்லிங்கும் மண்ணெண்ணெயும்

2020 நவம்பரில் ஒரு காலை, ஃபிராங்க்ஃபர்ட்டில் என் சமையலறையில் காப்பிக்கு வாசனை இல்லாமல் போனது. தூள் பழசாகியிருக்கும் என்று நினைத்துப் புது பாக்கெட்டைப் பிரித்தேன். அதிலும் இல்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தேன். பெருங்காயமே தெரியவில்லை என்றால் கோளாறு பெருங்காயத்தில் இல்லை என்று புரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து கோவிட் பாசிட்டிவ் என்று முடிவு வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. மூக்கு திரும்பவில்லை.

ஆரம்பத்தில் இதை நண்பர்களிடம் ஜோக்காகத்தான் சொன்னேன். ஆபீஸ் வாட்ஸப் குழுவில் "நோஸ் டௌன், டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கேன்" என்று போட்டேன். மூன்றாவது மாதத்தில் ஜோக் தீர்ந்தது. நான்காவது மாதத்தில் வாசனைகள் திரும்பத் தொடங்கின, ஆனால் தப்புத்தப்பாக. காப்பி கருகிய ரப்பராக வந்தது. வெங்காயம் வதக்கினால் சாக்கடை. இதற்குப் பரோஸ்மியா என்று பெயர் என்றார் டாக்டர். நரம்புகள் மறுபடி வளரும்போது இணைப்புகள் குழம்புவதால் வருவது, நல்ல அறிகுறியும்கூட என்றார். நல்ல அறிகுறியோடு நான் ஆறு கிலோ எடை இழந்தேன்.

2021 மே மாதம் விருதுநகரில் அப்பா இறந்தார். இரண்டாம் அலை. அந்த வாரம் டிக்கெட் கிடைத்து, சென்னையில் இறங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து பொதிந்து கொடுத்த உடலை வீட்டுக்குக்கூடக் கொண்டுவரவில்லை. மாமா பையன் செல்போனைத் தூக்கிப் பிடிக்க, நான் வீடியோவில் பார்த்தேன். சிக்னல் இரண்டு முறை விட்டுவிட்டு வந்தது.

அந்த டிசம்பரில் ஊருக்குப் போய்வந்த ஒரு நண்பனிடம் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தாள். முறுக்கு, பருப்புப் பொடி, அப்பாவின் சட்டை ஒன்று. கடைக்குப் போடும் காக்கி நிறச் சட்டை. கதவைச் சாத்திவிட்டு அதை முகத்தில் வைத்து இழுத்து மூச்சுவிட்டேன். ஒன்றுமே இல்லை. கருகிய ரப்பர்கூட இல்லை. துணியின் சொரசொரப்பு மட்டும் கன்னத்தில் பட்டது.

அப்பாவுக்கு என்று ஒரு வாசனை உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். அவர் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருந்தார். பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ், அரிக்கேன் விளக்கு. பர்னர் அடைப்பை பின் போட்டு எடுப்பது, பம்ப்புக்குத் தோல் வாஷர் மாற்றுவது, பித்தளை டேங்க்கில் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பத்துவது. திருவிழா, கல்யாணம் என்றால் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்குப் போகும். கவுண்டமணி புண்ணியத்தில் தமிழ்நாட்டுக்கே தெரிந்த அதே விளக்கு. அப்பா மேல் எப்போதும் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் விரல் இடுக்கில் மிச்சம் இருக்கும். அவர் பிசைந்து கொடுத்த சோற்றில்கூட அது லேசாக இருக்கும், நாங்கள் சாப்பிட்டு வளர்ந்தோம்.

2006க்குப் பிறகு அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியதும் பம்ப் ஸ்டவ்கள் பரணுக்குப் போயின. அப்பா கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு மாறினார். ஆனால் எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெய் ஊற்றித்தான் கழுவுவார். வாசம் மாறவில்லை.

இன்ஜினியரிங் சேர்ந்த முதல் நாள், ஹாஸ்டலில் என்னை விட வந்திருந்தார். ரூமில் இருந்த பையன் மூக்கைச் சுளித்து, "என்னடா கிரோசின் ஸ்மெல்?" என்றான். நான் யோசிக்கவே இல்லை. "பஸ்ல எவனோ கேன் எடுத்துட்டு வந்தான்டா, சாஞ்சிருச்சு" என்றேன். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு அந்தப் பையனிடம், "ஆமாப்பா, கேன் சாஞ்சிருச்சு" என்றார். அதற்குப் பிறகு நான்கு வருடத்தில் அவர் ஹாஸ்டலுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று போன் பண்ணுவார்.

*

மூக்குக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்பது ஜெர்மனியில் பிரபலமான வைத்தியம். டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தின் தோமஸ் ஹும்மல் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு வாசனைகள். காலையும் இரவும், ஒவ்வொன்றையும் சில நொடிகள், பன்னிரண்டு வாரம் முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனையை நினைவுபடுத்த முயல வேண்டும் என்றார் என் டாக்டர். நான்கு சின்னக் குப்பிகளை வரிசையாக வைத்து, இல்லாத கிராம்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சந்தியாவந்தனம் பண்ணுவதைப்போல இருக்கிறது என்றாள் அறைத்தோழி.

அந்த நாட்களில்தான் டீமில் இருந்த ஒரு ஜெர்மன் சக ஊழியர் ரீஸ்லிங்கை எனக்கு அறிமுகப்படுத்தினார். நான் அதிகம் குடிக்கிறவன் இல்லை. ஆபீஸ் பார்ட்டியில் ஒரு பியர், அவ்வளவே. "உனக்கு மூக்கு இல்லை, நாக்கு இருக்கிறதல்லவா? இது நாக்கை விட்டுவைக்காது" என்று ஒரு மோசல் கபினெட்டை ஊற்றிக் கொடுத்தார். ஆல்கஹால் எட்டரை சதவீதம்தான். உதட்டில் இனிப்பாகத் தொடங்கி, அடுத்த நொடியே கன்னத்தின் உட்புறம் இழுத்துக்கொள்ளும்படி ஒரு புளிப்பு. வாயில் நீர் ஊறியது. பல மாதங்களுக்குப் பிறகு வாய்க்குள் ஏதோ நடந்தது.

இரவு வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். திராட்சையின் முக்கியமான அமிலம் டார்டாரிக். நம் புளியில் இருப்பதும் அதேதான். பழங்களில் இந்த அமிலம் இவ்வளவு இருப்பது அரிது. மோசல்போன்ற குளிர்ப் பகுதியில் காய் மெதுவாகப் பழுப்பதால் பச்சை ஆப்பிளின் மாலிக் அமிலமும் குறையாமல் தங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்த புளிப்பை மிச்சமிருக்கும் திராட்சைச் சர்க்கரை தாங்கிப் பிடிக்கிறது. புளிப் பானகம் என்று நாக்கு அடையாளம் கண்டதில் தவறில்லை.

வாசனையைப் பற்றி எழுதியிருந்ததை எல்லாம் பொறாமையோடு படித்தேன். பீச், எலுமிச்சைத் தோல், பூ, நனைந்த கல். ரீஸ்லிங் வாசனை மிகுந்த ரகம். அதில் இருக்கும் லினலூல் என்ற பொருள்தான் நம் கொத்தமல்லி விதைக்கு மணம் தருவது. ஜெரானியோல் என்ற இன்னொன்று ரோஜாவிலும் உண்டு. நான் தினமும் குப்பியில் தேடிக்கொண்டிருந்தவற்றின் உறவினர்கள் எல்லாம் இந்தக் கண்ணாடி கிளாஸில் இருந்தார்கள். எனக்குத்தான் யாரும் வாசல் திறக்கவில்லை.

*

ரீஸ்லிங் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று 1435ஆம் ஆண்டினுடையது. கட்ஸனெல்ன்போகன் பிரபுவின் பண்டகசாலைக் கணக்கில், ரூசெல்ஸ்ஹைம் திராட்சைத் தோட்டத்துக்கு வாங்கிய ரீஸ்லிங் கொடிகளுக்கு 22 ஷில்லிங் என்று ஒரு வரி. ரூசெல்ஸ்ஹைம் இப்போது ஓப்பல் கார் கம்பெனியின் ஊர், ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு மகத்தான ரகத்தின் வரலாறு செலவுக் கணக்கில் தொடங்குவது எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவின் கடை நோட்டும் அப்படித்தான் இருக்கும். 'வாஷர் 2, பின் 1 கட்டு.'

மோசல் நதி பிரான்சின் வோஜ் மலையில் பிறந்து, லக்ஸம்பர்க் எல்லையைத் தொட்டு, ஜெர்மனிக்குள் பாம்புபோல் வளைந்து வளைந்து கோப்லென்ஸில் ரைனோடு சேர்கிறது. ரோமானியர்கள் காலத்திலேயே இங்கே திராட்சை உண்டு. நான்காம் நூற்றாண்டில் கவிஞர் அவுசோனியஸ் இந்த நதிக்கென்றே ஒரு நீண்ட கவிதை எழுதினார். ஆனால் மோசலை ரீஸ்லிங் தேசமாக்கியதில் ட்ரியரின் ஆட்சியாளர் கிளெமன்ஸ் வென்ஸெஸ்லாஸ் 1787இல் போட்ட ஆணைக்குப் பங்கு உண்டு. மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல ரகங்களை நட வேண்டும் என்றது அந்த ஆணை.

ஆணை போடுவது சுலபம். நடுகிறவன் பாடு வேறு. 1815க்குப் பிறகு மோசல் பிரஷ்யாவின் கைக்கு வந்தது. பாதுகாக்கப்பட்ட சந்தை கிடைத்ததும் விவசாயிகள் கடன் வாங்கிக் கொடிகளைப் பெருக்கினார்கள். 1834இல் சுங்க ஒன்றியம் வந்ததும் தெற்கு ஜெர்மன் ஒயின்கள் மலிவாக உள்ளே வந்தன. விலை விழுந்தது, வரி விழவில்லை. இந்த விவசாயிகளின் துயரத்தை ட்ரியரில் பிறந்த இருபத்துநான்கு வயது பத்திரிகை ஆசிரியர் ஒருவர் 1843 ஜனவரியில் ரைனிஷ் ட்ஸைடுங்கில் விரிவாக எழுதினார். அரசாங்கம் அந்தப் பத்திரிகையை அதே வருடம் மூடியது. அந்த ஆசிரியரின் பெயர் கார்ல் மார்க்ஸ். விறகுத் திருட்டுச் சட்டமும் மோசல் விவசாயிகள் பிரச்சினையும்தான் தன்னை முதன்முதலில் பொருளாதாரக் கேள்விகள் பக்கம் தள்ளின என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டார். மார்க்ஸ் குடும்பத்துக்கும் ட்ரியருக்கு அருகே திராட்சைத் தோட்டத்தில் பங்கு இருந்தது என்பது கூடுதல் தகவல்.

*

2023 அக்டோபரில் தனியாக மோசலுக்குக் கிளம்பினேன். அதற்குள் மூக்கு பாதி வந்திருந்தது. எலுமிச்சை தெரியும், ரோஜா சில நாள் தெரியும். காப்பி குடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தது. ஆனால் எதையும் நம்ப முடியாது. பால் திரிந்துவிட்டதா என்று அறைத்தோழியிடம் கேட்டுத்தான் ஊற்றுவேன்.

கோப்லென்ஸிலிருந்து ரயில் நதியை ஒட்டியே போகிறது. கோஹெம் தாண்டியதும் நான்கு கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கம். அது முடிந்து வெளிச்சம் வரும் இடத்தில் எடிகர்-எல்லர் நிலையம். இறங்கி நிமிர்ந்து பார்த்தால் கல்மோண்ட் மலை. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று சொல்கிறார்கள், சில இடங்களில் 65 டிகிரி வரை சரிவு. நம் வீட்டு மாடிப்படி முப்பது, முப்பத்தைந்து டிகிரிதான் இருக்கும். தோட்டத்தின் குறுக்கே போகும் பாதையில் இரும்பு ஏணிகளும் பிடித்துக்கொள்ள கம்பிக் கயிறுகளும் போட்டிருக்கிறார்கள். இரண்டு இடங்களில் கீழே பார்க்காமல் போனேன்.

மண் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. எல்லாம் உடைந்த சிலேட்டு. ஒன்றாம் வகுப்பில் குச்சி வைத்து எழுதினோமே, அதே சிலேட்டு, கிட்டத்தட்ட நாற்பது கோடி வருடம் பழையது. ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு கழி. இரண்டு கிளைகளை வளைத்து இதய வடிவில் கட்டியிருக்கிறார்கள். இந்த அட்சரேகையில், பூமத்திய ரேகைக்கு 50 டிகிரி வடக்கே, சமதளத்தில் ரீஸ்லிங் பழுப்பதே கஷ்டம். தெற்கு பார்த்த சரிவில் தாழ்ந்த சூரியன் நேராக அடிக்கிறது. கீழே நதி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. சிலேட்டு பகலெல்லாம் சூட்டை வாங்கிவைத்து ராத்திரியில் கொடிக்குக் கொடுக்கிறது. அக்டோபர் மத்தியானத்தில் ஒரு கல்லில் கை வைத்தேன். இட்லிச் சட்டியை இறக்கிவைத்த மேடைபோல் கதகதப்பாக இருந்தது.

டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் வைத்த ஒரு குட்டி ரயில், தோட்டத்துக்கு ஆட்களையும் கூடைகளையும் ஏற்றிச் செல்கிறது. மற்றதெல்லாம் கை, கால், முதுகு. வழுக்கிக் கீழே சரிந்த கற்களை மறுபடி மேலே சுமந்து போடுவது ஒரு காலத்தில் இங்கே வருடாந்திர வேலையாக இருந்தது. அறுவடைக்குப் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அன்று ஒரு மேடையில் நான்கு பேர், ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றி நின்று குலைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஹலோ சொன்னேன். நிமிராமலேயே பதில் சொன்னார்கள். நடுநடுவே முள் மண்டிக் கிடக்கும் மேடைகளும் உண்டு. செய்ய ஆள் இல்லாமல், கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டவை. பரணுக்குப் போன பம்ப் ஸ்டவ்களை நினைத்துக்கொண்டேன்.

*

பாதை இறங்கும் ஊர் பிரெம். நதி அங்கே முழுதாகத் திரும்பி வளைகிறது, எதிர்க்கரையில் ஒரு பழைய மடத்தின் இடிபாடு. ஒரு வீட்டு வாசலில் 'ஒயின் சுவைக்கலாம்' என்று பலகை. எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். இப்போது மகள்தான் தோட்டத்தைப் பார்க்கிறாளாம், அறுவடையில் இருக்கிறாள், தான் இப்போது வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க மட்டும் லாயக்கு என்றார். மூன்று புது ஒயின்கள் ஊற்றினார். நாக்குக்கு அருமையாக இருந்தன. மூக்குக்கு ஏதோ எலுமிச்சைபோல, தூரத்தில். நான் முகர்ந்துவிட்டுப் பேசாமலிருப்பதைக் கவனித்திருப்பார். கோவிட் கதையைச் சொன்னேன். அவர் மனைவிக்கும் இரண்டு மாதம் அப்படி இருந்ததாம். உள்ளே போய் பிசுபிசுத்த லேபிளோடு ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். 2003 ஷ்பேட்லேஸ. தாமத அறுவடை என்று அர்த்தம். ஐரோப்பாவே வெந்த கோடை அது.

கிளாஸைத் தூக்கினேன். மண்ணெண்ணெய்.

தேட வேண்டியிருக்கவில்லை. குப்பியின் முன் கண்ணை மூடி நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. கடைக்குள் நுழைந்தால் எப்படி அடிக்குமோ அப்படி நேராக வந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, பயம். மறுபடி நரம்பு கோளாறு பண்ணுகிறது, காப்பியை ரப்பராக்கியதுபோல் இதையும் ஆக்குகிறது என்று நினைத்தேன். பெரியவரிடம் நான் என்ன முகர்ந்தேன் என்று சொல்லவில்லை. "உங்களுக்கு இதில் என்ன வாசனை வருகிறது? தயவுசெய்து நீங்கள் முதலில் சொல்லுங்கள்" என்று கேட்டேன்.

அவர் முகர்ந்தார். "தேன். காய்ந்த பீச்" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்து, "அப்புறம் பெட்ரோலியம்" என்றார்.

ஜெர்மன் மொழியில் பெட்ரோலியம் என்றால் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய். எங்கள் கடையில் தொங்கிய பெட்ரோமாக்ஸும் ஜெர்மனிதான். பெர்லினில் மாக்ஸ் கிரெட்ஸ் உருவாக்கியது, பெட்ரோலியமும் மாக்ஸும் சேர்ந்த பெயர். இருபது வருடம் அந்த வார்த்தையை வாயில் வைத்திருந்தும் அர்த்தம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"தப்பான வாசனையா?" என்று கேட்டேன்.

"சிலர் குறை என்பார்கள். சிலர் இதற்காகவே பழைய பாட்டிலைத் தேடி வருவார்கள். ஆனால் விலைப்பட்டியலில் எழுதமாட்டோம். பீச், பூ, சிலேட்டு என்றுதான் எழுதுவோம்" என்றார். எனக்கு ஹாஸ்டல் வாசல் ஞாபகம் வந்தது.

அதன் ரசாயனம் தெளிவாகத் தெரிந்ததுதான். டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். முழுப்பெயரில் நாஃப்தலீன் வருகிறது, நம் அந்துருண்டையின் சொந்தக்காரப் பொருள். கேரட்டுக்கும் மாம்பழத்துக்கும் நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பம் திராட்சையிலும் உண்டு. வெயில் நேராகப் படும் குலையில், அது சிதைந்து உருவாகும் மூலப்பொருட்கள் அதிகமாகச் சேர்கின்றன. பாட்டிலுக்குள் ஒயினின் அமிலம் அவற்றை வருடக்கணக்கில் மெல்ல மெல்ல டிடிஎன்னாக மாற்றுகிறது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தால் போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆக அந்த மண்ணெண்ணெய், 2003இன் வெயிலும் இருபது வருட இருட்டும் சேர்ந்தது.

"முன்பெல்லாம் வெயில் படட்டும் என்று குலையைச் சுற்றி இலையைக் கிள்ளுவோம். இப்போது என் மகள் இலையை விட்டுவைக்கிறாள், நிழலுக்காக" என்றார். அவர் சின்ன வயதில் அறுவடை நவம்பர்வரை இழுக்குமாம். கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பறித்துச் செய்யும் ஐஸ்வைனுக்கு மைனஸ் 7 டிகிரி குளிர் வேண்டும். 2019ஆம் ஆண்டு அறுவடையில் ஜெர்மனியின் எந்தப் பகுதியிலும் அந்தக் குளிர் வரவில்லை, ஒரு சொட்டு ஐஸ்வைன்கூடக் கிடைக்கவில்லை. வெயில் கூடக் கூட இந்த வாசனை இளம் ஒயின்களிலேயே தலைகாட்டும் என்ற கவலை இங்கே உண்டு. எனக்கு அப்பாவாக இருந்த வாசனை அவருக்கு வரப்போகும் காலத்தின் எச்சரிக்கை. ஒரே கிளாஸை இரண்டு பேரும் மாறி மாறி முகர்ந்துகொண்டிருந்தோம்.

அழுதேனா என்றால், கொஞ்சம். பெரியவர் பார்க்காததுபோல் நதிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டிலுக்குக் காசு வாங்கவில்லை. புது கபினெட் இரண்டு வாங்கிக்கொண்டேன்.

*

ரயிலுக்கு நேரம் இருந்தது. நதிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அப்பா வாசம் வந்துச்சும்மா."

"என்னய்யா சொல்ற? கனவு கண்டியா?"

"இல்லம்மா, ஒரு ஒயின்ல. மண்ணெண்ணெய் வாசம், அப்படியே அப்பா கடை மாதிரி."

"சாராயமா குடிச்ச?"

"கொஞ்சந்தாம்மா. சும்மா ருசி பாக்குறதுக்கு."

அம்மா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்கிறத காசு குடுத்து வேற குடிக்கிறாங்களா?" என்றாள். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் தைரியத்தில், இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "நீ அனுப்புன சட்டையில எனக்கு ஒரு வாசமும் தெரியலம்மா. எவ்வளவு மோந்து பாத்தேன் தெரியுமா. மூக்கு செத்துப்போச்சுல்ல."

"எந்தச் சட்டை? அந்தக் காக்கிச் சட்டையா?" என்றாள். "அதுல எப்படிய்யா இருக்கும்? கொரோனா இருந்த வீட்டுத் துணின்னு டெட்டால் ஊத்தி ரெண்டு தடவ வெந்நில அலசி, வெயில்ல போட்டுல்ல எடுத்து வச்சேன். உனக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு."

ரயில் வரும்வரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். பரணில் இரண்டு பம்ப் ஸ்டவ் இன்னும் கிடக்கிறதாம், பழைய பித்தளைக்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். கொடுக்க வேண்டாம் என்றேன்.